பொத்திய கை

புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம் இரும்பு.
சங்கிலிச் சட்டை, தகட்டு மார்பு, முழங்கால் மூடி,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
எண்ணைத் தாண்டி விழுந்தால்தான் வெட்டு.
பன்னிரண்டையும் ரப்பர் பேண்டு போட்டு மூடினேன்.
எங்கள் கதை சேர்வராயன் மலையில்:
துண்டைத் தவிர மேலே ஒன்றுமில்லாத ஆட்கள்,
இடுப்பளவு காபிச் செடி,
கையில் கவாத்துக் கத்தி.

ஐந்து ரோட்டுக்குப் பின்னால் டயர் கடை மாடி,
ஞாயிறு இரவு எட்டு மணி.
வேடியப்பன் உருக்காலையில் ஷிப்டு முடித்து வருவான்,
நாளெல்லாம் தகடு உருட்டியவன்
இங்கே வெறும் மார்போடு நிற்பான்.
ஜெரால்டுக்கு நாகலூர் எஸ்டேட்டில் கணக்கு வேலை.
கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கி
ஹெல்மெட்டை மேசையில் மல்லாத்தி வைப்பார்,
அதற்குள்தான் காய் உருட்டுவோம்.
காய்க்கும் இருபது முகம்.
யாரும் திட்டமிட்டதில்லை இது.

முதல் ஞாயிறு நாற்பது நிமிடத்தில் முடிந்தது.
கவசம் இல்லையென்றால் எண் பத்து,
எறிந்ததெல்லாம் பட்டது.
ஒன்பதாம் வளைவில் மூவரும் செத்துக் கிடந்தார்கள்,
வாங்கி வந்த தட்டுவடை செட்
இன்னும் நமுத்துக்கூடப் போகவில்லை.

அடுத்த வாரம் ‘ஒதுங்கல்’ என்று ஒன்று சேர்த்தேன்.
ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவன், எண்ணுக்கு அஞ்சுவேனா?
கால் வேகம், கண் கூர்மை, கூட்டிப் பாதியாக்கி
பத்தரை வரை ஆளாளுக்கு ஆடினார்கள்,
ஒரு கீறல் விழவில்லை.
“சண்டையா கும்மியா?” என்றான் வேடியப்பன்.

பிறகு கம்பளிக்கு இரண்டு, மூடுபனிக்கு நான்கு.
“கம்பளி குளிருக்கு, கத்திக்கில்ல,” என்றார் ஜெரால்டு.
“பனியில எதிரி மட்டுமா தெரியமாட்டான்?”
பனியை மட்டும் வைத்துக்கொண்டோம்,
வீச்சு நண்பன் மேலும் படலாம் என்ற திருத்தத்தோடு.

நஸீமா அதுவரை வாய் திறக்கவில்லை.
பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ்,
ஞாயிறு மட்டும் விடுப்பு.
“குத்துப்பட்டவன் எண் எண்ணா குறையமாட்டான்.
முதல்ல குனிஞ்சு பார்ப்பான்.
தன்னோட ரத்தம்தான்னு நம்ப ஒரு நொடி ஆகும்.
அப்புறம் பொத்திக்குவான்.
ஆட்டோல வந்தாலும் ஸ்ட்ரெச்சர்ல வந்தாலும்
பொத்தின கையோடதான் வருவாங்க.
எடுங்கன்னாலும் எடுக்கமாட்டாங்க.”

அன்று நோட்டில் எழுதினேன்:
பட்டவனுக்கு ஒரு கை போயிற்று, பொத்துவதில்.
இரண்டாம் காயத்துக்கு மறு கை.
மூன்றாவது விழுந்தால்
இன்னொருவர் கை கொடுக்கவேண்டும்,
கொடுத்த கையால் கத்தி பிடிக்க முடியாது.

சண்டை அபூர்வமாயிற்று.
கத்தியை உருவும் முன்
எல்லோரும் எல்லோர் கைகளையும் எண்ணினார்கள்.
வேடியப்பன் பாறைக்குப் பின்னால் நின்று பேரம் பேசினான்.
ஜெரால்டின் வீரன் ஒருமுறை ஓடினான்,
அதை அவர் கால் முள் உட்பட விவரித்தார்.

போன ஞாயிறு, பதினான்காம் வளைவு.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில்
எதிரி ஒருவன் விழுந்தான்.
பெயர்கூட வைக்கவில்லை நான், ‘காவலாள் 2’.
மூன்றாம் காயம். அவன் ஆட்கள் ஓடிவிட்டார்கள்.
“நான் பொத்துறேன்,” என்றாள் நஸீமா.
யாருக்கு?
“அவனுக்குத்தான்.”
ரெண்டு கையாலயுமா?
“வேற எதுக்கு வச்சிருக்கேன்.”

நோட்டைப் புரட்டினேன். விதி இல்லை.
உருட்டு என்றேன், எதற்கென்று தெரியாமல்.
காய் ஹெல்மெட்டின் பஞ்சு மடிப்பில் சாய்ந்து நின்றது
இரண்டு முகத்துக்கு நடுவே.
நாலு தலையும் குனிந்தன.
மறுபடி உருட்டலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மணி பதினொன்று. மேலே பனி இறங்கியிருக்கும்.
“ஹெல்மெட் வேணுமே,” என்றார் ஜெரால்டு,
மன்னிப்புக் கேட்பதுபோல.
அடிவாரத்தில் போலீஸ் எழுதி வைத்திருக்கிறது:
தலைக்கவசம் உயிர்க்கவசம்.
நஸீமா கையை உள்ளே விட்டு,
எந்த முகம் மேலே என்று பார்க்காமல்
காயைப் பொத்தி எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு வரை
காவலாள் இரண்டு சாகமாட்டான்.
அவனுக்கு ஒரு பெயர் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.